பேட் டிக்ரிப்ட் முதல் பென்குயின் வரை: கிரிப்டோ லேப் பிழைகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

கிரிப்டோகிராஃபி லேபில் புரோகிராம் ஓடவில்லை என்றால் மாணவர்கள் முதலில் சந்தேகப்படுவது அல்காரிதத்தை. ஏஇஎஸ் (ஒரே கீயால் பூட்டித் திறக்கும் முறை) ரவுண்டுகளை மறுபடி படிப்பார்கள், ஆர்எஸ்ஏ (பூட்ட ஒரு கீ, திறக்க வேறு கீ) நிரூபணத்தைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். வீண் வேலை. ஏஇஎஸ் 2001-ல் தரநிலையானது. அன்றிலிருந்து உலகமே அதைப் போட்டு உரசிப் பார்த்துவிட்டது. நீங்கள் இறக்கிய லைப்ரரிக்குள் கணக்கு தப்பவில்லை. அதற்குள் நீங்கள் அனுப்பும் பைட்டுகள் நீங்கள் நினைக்கும் பைட்டுகள் அல்ல, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல், கிரிப்டோ பிழைச் செய்திகள் காரணத்தைச் சொல்லாது. கீ தப்பு, ஐவி (என்கிரிப்ஷனைத் தொடங்கிவைக்கும் பைட்டுகள்) தப்பு, ஃபைல் பாதியில் வெட்டுப்பட்டது எல்லாவற்றுக்கும் ஒரே வரிதான் வரும். அதைவிட மோசமானவை எந்தச் செய்தியும் தராமல் 'சரியாக' ஓடும் பிழைகள். கூச்சல் போடுகிறவற்றை முதலில் பார்த்துவிட்டு, சத்தம் போடாதவற்றுக்குப் பிறகு வருவோம்.

எந்தப் பிழையானாலும் முதலில் செய்ய வேண்டியது

என்கிரிப்ட் செய்யும் பக்கத்திலும் டிக்ரிப்ட் செய்யும் பக்கத்திலும் கீ, ஐவி, சைஃபர்டெக்ஸ்ட் (பூட்டிய தரவு) மூன்றையும் ஹெக்ஸில் அச்சிடுங்கள். கூடவே ஒவ்வொன்றின் நீளத்தையும். இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். லேப் பிழைகளில் பெரும்பாலானவை இங்கேயே முடிந்துவிடும். (உண்மையான புராஜெக்டில் கீயை லாகில் எழுதாதீர்கள், கீயின் எஸ்எச்ஏ-256 ஹாஷில், அதாவது கைரேகை போன்ற நிலையான நீளச் சுருக்கத்தில், முதல் சில எழுத்துகளை மட்டும் அச்சிட்டால் ஒப்பிடப் போதும்.)

நீளம் நிறையப் பேசும். ஏஇஎஸ் கீ 16, 24, 32 பைட்டுகளில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். 64 என்று வந்தால் 32 பைட் கீயின் ஹெக்ஸ் எழுத்துகளை அப்படியே கொடுத்திருக்கிறீர்கள். 44 என்று வந்தால் அது பேஸ்64 (பைட்டுகளை எழுத்துகளாக எழுதும் இன்னொரு வழி). இந்த இரண்டிலும் லைப்ரரி கத்திவிடும், பிரச்சினை இல்லை. கத்தாத இடம் 16 பைட் கீ. அதன் ஹெக்ஸ் வடிவம் 32 எழுத்து, பேஸ்64 வடிவம் 24 எழுத்து. இரண்டுமே ஏஇஎஸ்ஸுக்குச் செல்லுபடியாகும் நீளம்! நீங்கள் ஏஇஎஸ்-128 என்று நினைத்துக்கொண்டிருக்க, ஒரு பக்கம் அந்த எழுத்துகளையே கீயாக எடுத்து ஏஇஎஸ்-256 ஓட்டிக்கொண்டிருக்கும். மறுபக்கம் முறையாக ஹெக்ஸைப் பிரித்து 128 ஓட்டும். இரண்டு பேரும் "என் கீ இதுதான்" என்று திரையில் காட்டுவது ஒரே எழுத்து வரிசையைத்தான். இதில் ஒரு முழு மதியத்தைத் தொலைக்க முடியும்.

"பேட் டிக்ரிப்ட் என்று வருகிறது"

ஜாவாவில் இதற்குப் பெயர் பேட்பேடிங்எக்செப்ஷன். சிபிசி முறையில் (16 பைட் பிளாக்குகளைச் சங்கிலியாகக் கோக்கும் ஏஇஎஸ் மோட்) கடைசி பிளாக்கை 16 பைட்டுக்கு நிரப்ப பேடிங் சேர்க்கிறோம்; மூன்று பைட் குறைந்தால் 03 03 03. டிக்ரிப்ட் ஆனதும் கடைசியில் அந்த வடிவம் இல்லை என்றால் லைப்ரரி இப்படிச் சொல்கிறது. ஆக, இந்தச் செய்திக்குப் பொருள் "பேடிங் தப்பு" அல்ல. "கடைசியில் குப்பை வந்தது" என்பதுதான். பேடிங்கை நோண்டுவதற்கு முன் கீயைப் பாருங்கள்.

பேடிங் சோதனையையே அணைத்துவிட்டுப் பார்க்கலாம், கண்டுபிடிக்க மட்டும். எல்லாமே குப்பையாக இருந்தால் கீ தப்பு, அல்லது மோட் தப்பு. வாசகம் தெளிவாக வந்து வால் மட்டும் விசித்திரமாக இருந்தால், ஒரு பக்கம் வேறு பேடிங் போட்டிருக்கிறது, பூஜ்ஜியங்களால் நிரப்பியிருப்பார்கள். சைஃபர்டெக்ஸ்ட் நீளம் 16-ன் மடங்காக இல்லையென்றால் வழியில் எங்கோ வெட்டுப்பட்டிருக்கிறது.

ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளை வரியில் பாஸ்வேர்டு கொடுத்து என்கிரிப்ட் செய்த ஃபைல், வேறு மெஷினில் திறக்கவில்லையா? இரண்டு மெஷினிலும் வெர்ஷனைப் பாருங்கள். பாஸ்வேர்டிலிருந்து கீ உருவாக்க அந்தக் கட்டளை பழைய நாளில் எம்டி5 ஹாஷை எடுத்துக்கொண்டது, 1.1.0 வெர்ஷனில் அது எஸ்எச்ஏ-256 ஆனது. அதே பாஸ்வேர்டு, வேறு கீ. டைஜஸ்ட் எது என்பதைக் கட்டளையிலேயே எழுதிவிட்டால் தீரும். 1.1.1-லிருந்து பிபிகேடிஎஃப்2 (பாஸ்வேர்டைப் பல சுற்று ஹாஷ் செய்து கீ ஆக்கும் முறை) விருப்பம் இருக்கிறது, புதிதாக எழுதும்போது அதையே போடுங்கள். இரண்டு பக்கமும் போட வேண்டும், சுற்று எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி உருவான ஃபைலை ஹெக்ஸில் திறந்தால் முதல் எட்டு பைட் 'சால்டெட்' என்ற ஆங்கிலச் சொல்லும் இரண்டு அடிக்கோடும். அடுத்த எட்டு பைட் சால்ட் (பாஸ்வேர்டோடு சேர்க்கும் சீரற்ற பைட்டுகள்). இந்தப் பதினாறையும் சேர்த்தே பைத்தானில் டிக்ரிப்ட் செய்ய முயன்றால் எப்படி வரும்?

அதே கட்டளையில் சின்ன எழுத்து கே, பெரிய எழுத்து கே என்று இரண்டு விருப்பங்கள் உண்டு. சின்னது பாஸ்வேர்டுக்கு, பெரியது ஹெக்ஸ் கீக்கு. இந்தப் பெயரை வைத்தவரை யாராவது கேட்டிருக்க வேண்டும். பெரிய கே-க்குக் குறைந்த நீளமுள்ள ஹெக்ஸ் கொடுத்தால் மீதியைப் பூஜ்ஜியத்தால் நிரப்பிவிட்டு, ஒரு எச்சரிக்கை வரியோடு வேலையைத் தொடரும். அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

மற்றொரு அடிக்கடி காரணம், சைஃபர்டெக்ஸ்டை எழுத்தாக நினைத்துச் சேமிப்பது. யூடிஎஃப்-8 ஸ்டிரிங்காக மாற்றியதும், செல்லாத பைட் ஒவ்வொன்றும் ஈஎஃப் பிஎஃப் பிடி என்ற மூன்று பைட்டாகிவிடும். ஹெக்ஸில் இந்த மூவர் திரும்பத் திரும்பத் தெரிந்தால் தேடலை நிறுத்துங்கள். அந்தத் தரவு போனது போனதுதான், மீட்க வழியில்லை. மறுபடி என்கிரிப்ட் செய்து, பைட்டாகவோ பேஸ்64 ஆகவோ சேமியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தப்பான கீ கொடுத்தாலும் ஏறத்தாழ 256-ல் ஒரு முறை கடைசி பைட் தற்செயலாக 01 என்று வந்து, பேடிங் சரி என்று லைப்ரரி ஒப்புக்கொள்ளும். பிழை வரவில்லை என்பது கீ சரி என்பதற்கு ஆதாரம் ஆகாது. இன்னொன்று: சர்வர் எழுதும்போது "பேடிங் தப்பு" என்று வெளியே பதில் அனுப்பாதீர்கள். அந்த ஒரு பதிலை மட்டும் வைத்துக்கொண்டு கீ இல்லாமலே பைட் பைட்டாகப் படித்துவிடலாம் என்று செர்ஜ் வோதெனே 2002-ல் காட்டினார். உங்களுக்கு உதவும் பிழைச் செய்தி, தாக்குபவருக்கும் உதவும்.

"முதல் வரி மட்டும் குப்பை, மீதி சரியாக இருக்கிறது"

இதைவிடத் தெளிவாக ஒரு அறிகுறி கிடைக்காது. சரியாகப் பதினாறு பைட் கெட்டு, பதினேழாவதிலிருந்து சுத்தமாக இருந்தால் ஐவி தப்பு. சிபிசியில் முதல் பிளாக்கை டிக்ரிப்ட் செய்து ஐவியோடு எக்ஸ்ஆர் (பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, வேறானால் 1, ஒன்றானால் 0) செய்கிறோம். இரண்டாவது பிளாக்குக்கு எக்ஸ்ஆர் செய்வது முதல் சைஃபர் பிளாக்கோடு. ஐவியின் தப்பு முதல் பிளாக்கைத் தாண்டாது. கீ சரி, கையை வைக்காதீர்கள். ஐவியைச் சைஃபர்டெக்ஸ்ட்டின் முன்னால் ஒட்டி அனுப்புவதுதான் வழக்கம். ஒட்டினவரும் பிரிக்கிறவரும் ஒரே நீளம் எண்ண வேண்டும்.

நடுவில் ஒரு பிளாக் முழுதும் கெட்டு, அடுத்த பிளாக்கில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தால் வேறு கதை. சைஃபர்டெக்ஸ்ட்டில் ஒரு பிட் வழியில் புரண்டிருக்கிறது. இதையே வேண்டுமென்றே செய்தால், அந்த 'அடுத்த பிளாக்கில்' தாக்குபவர் தனக்கு வேண்டிய பிட்டை மாற்றலாம். சிபிசி ரகசியம் காக்கும், திருத்தத்தைத் தடுக்காது.

"டேக் சரியில்லை என்கிறது, காரணம் சொல்லவில்லை"

ஜிசிஎம் முறை: பூட்டுவதோடு, திருத்தத்தைக் கண்டுபிடிக்க டேக் என்ற சரிபார்ப்புக் குறியும் தரும். கீ, நான்ஸ் (ஒவ்வொரு செய்திக்கும் புதிதாக வேண்டிய எண்), கூடுதல் தரவு, சைஃபர்டெக்ஸ்ட், டேக் இவற்றில் எது ஒரு பிட் மாறினாலும் ஒரே பதில். இரண்டு மொழிகளுக்கு இடையே என்றால் டேக் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: ஜாவாவும் பைத்தானின் கிரிப்டோகிராஃபி லைப்ரரியும் 16 பைட் டேக்கைச் சைஃபர்டெக்ஸ்ட்டின் வாலில் ஒட்டிவிடும், பைகிரிப்டோடோம் தனியாகத் தரும். அடுத்து நான்ஸ் நீளம்: 12 பைட் என்று எல்லோரும் வைத்துக்கொள்கிறார்கள், பைகிரிப்டோடோமில் நீங்கள் கொடுக்காவிட்டால் அது 16 எடுத்துக்கொள்ளும். டேக்கைச் சரிபார்க்காமல் டிக்ரிப்ட் செய்து "வேலை செய்கிறதே" என்று விட்டுவிடுவது மட்டும் வேண்டாம். ஜிசிஎம் போட்டதே அந்த டேக்குக்காகத்தான்.

"ஆர்எஸ்ஏவில் போட்டது ஒன்று, வந்தது ஒன்று"

கரும்பலகை ஆர்எஸ்ஏவில் தொடங்குவோம். பி 61, க்யூ 53, பெருக்கினால் என் 3233, ஃபை (60-ஐயும் 52-ஐயும் பெருக்கி) 3120. இதில் 4000 என்ற எண்ணை என்கிரிப்ட் செய்து டிக்ரிப்ட் செய்தால் 767 வரும். 4000-லிருந்து 3233-ஐக் கழித்துப் பாருங்கள். செய்தி என்-ஐ விடச் சிறியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வகுத்து மீதிதான் திரும்பி வரும். கோட் சரி, கணிதமும் சரி, கொடுத்த எண் பெரியது.

திறக்கும் எண்ணான 'டி' கிடைக்கவே இல்லை என்றால் பூட்டும் எண்ணான 'இ'-யைப் பாருங்கள். 3120-க்கு 3, 5, 13 எல்லாம் காரணிகள். அவற்றுக்கு நேர்மாறு கிடையாது. 7 எடுத்தால் 1783 கிடைக்கும். 17 எடுத்து நீட்டித்த யூக்ளிட் முறையில் போட்டால் மைனஸ் 367 வரும், உடனே கோடை அழித்து எழுத ஆரம்பிப்பார்கள். வேண்டாம். 3120-ஐக் கூட்டினால் 2753. அதுதான் புத்தக விடை. பைத்தான் 3.8-லிருந்து பவ் ஃபங்ஷனுக்கு அடுக்காக மைனஸ் 1 கொடுத்தாலே நேர்மாறு கிடைக்கிறது, ஆனால் லேபில் கையால் எழுதச் சொல்வார்கள், அது நியாயம்தான்.

நிஜ லைப்ரரியில் அதே தடை வேறு முகத்தோடு வரும்: "தரவு கீ அளவைவிடப் பெரியது". 2048 பிட் கீ என்றால் 256 பைட். ஓஏஇபி பேடிங்கை எஸ்எச்ஏ-256 உடன் போட்டால் அதில் 66 பைட் போய், உங்களுக்கு மிஞ்சுவது 190. பழைய பிகேசிஎஸ்1 பேடிங்கில் 245. ஃபைலைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் ஆர்எஸ்ஏவில் போடும் அசைன்மென்ட்கள் வருஷா வருஷம் வருகின்றன. அது தீர்வு இல்லை. ஒரு ஏஇஎஸ் கீயை உருவாக்கி ஃபைலை அதனால் பூட்டி, அந்தக் கீயை மட்டும் ஆர்எஸ்ஏவால் பூட்டுங்கள்.

ஜாவாவில் பூட்டியது பைத்தானில் திறக்கவில்லை, இரண்டிலும் ஓஏஇபி எஸ்எச்ஏ-256 என்றுதான் எழுதியிருக்கிறது என்றால்: ஜாவா தன் எம்ஜிஎஃப்1 பகுதிக்கு (ஓஏஇபிக்குள் தனியாக ஹாஷ் கேட்கும் இன்னொரு படி), நீங்கள் சொல்லாதவரை, எஸ்எச்ஏ-1 எடுத்துக்கொள்கிறது. பைத்தானில் பெரும்பாலும் இரண்டுக்கும் எஸ்எச்ஏ-256 எழுதியிருப்பீர்கள். ஜாவாவில் ஓஏஇபி பாராமீட்டர்களைத் தனியாக அமைத்தால் சரியாகும். ஆவணத்தைப் படித்தால் தெரியும். பிழைச் செய்தியைப் படித்தால் ஆயுளுக்கும் தெரியாது.

"ஒரே எழுத்துதான், ஹாஷ் மட்டும் வேறு"

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இதில் தனிப் பங்கு இருப்பதால்.

எளிய காரணங்களை முதலில் கழித்துவிடுவோம். டெர்மினலில் எக்கோ கட்டளை வழியே ஹாஷ் எடுத்தால் கடைசியில் ஒரு வரிமுறிவு (ஹெக்ஸில் 0ஏ) சேர்ந்துவிடும். மைனஸ் என் போடுங்கள், அல்லது பிரின்ட்எஃப் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் சேமித்த ஃபைலில் வரி முடிவு 0டி 0ஏ என்று இரண்டு பைட். ஃபைலின் தலையில் ஈஎஃப் பிபி பிஎஃப் என்று மூன்று பைட் இருந்தால் நோட்பேட் போன்ற ஏதோ எடிட்டர் வைத்த பிஓஎம் குறி. எஸ்எச்ஏ-256 விடை ஈ3பி0சி442 என்று தொடங்கினால் நீங்கள் எதையுமே ஹாஷ் செய்யவில்லை. அது வெற்று ஸ்டிரிங்கின் ஹாஷ். ஃபைலை ஒருமுறை கடைசிவரை படித்துவிட்டு, மறுபடி தலைக்குப் போகாமல் இரண்டாவது முறை படித்திருப்பீர்கள். எம்டி5 என்றால் இதே அடையாளம் டி41டி8சிடி9.

இப்போது தமிழ். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறி ஒன்று. யூடிஎஃப்-8-ல் ஈ0 ஏஈ 95, ஈ0 ஏஎஃப் 8ஏ என்று ஆறு பைட். அல்லது க, எகரக் கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரித்து. அப்போது ஒன்பது பைட். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது, பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. ஹாஷுக்கு இவை இரண்டு வேறு உலகங்கள். 'கொடி' என்று தமிழில் பாஸ்வேர்டு வைத்தவர் ஒரு கீபோர்டில் உள்ளே போவார், இன்னொன்றில் போக மாட்டார். குறை சொல்லப்படுவது உங்கள் லாகின் பக்கம்.

தீர்வு: ஹாஷ் செய்வதற்கு முன் யூனிகோட் நார்மலைசேஷன் (ஒரே எழுத்தின் வேறு வடிவங்களை ஒன்றாக்குவது). எந்த வடிவம் என்பதைவிட எல்லா இடத்திலும் ஒரே வடிவம் என்பது முக்கியம். என்எஃப்சி (சேர்த்து எழுதும் வடிவம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றும் இதில் சரியாகும். சரியாகாத ஒன்றும் உண்டு. ஔகாரத்தின் பின்பகுதிக்குப் பதிலாக ளகரத்தையே தட்டி 'கௌ' என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். பார்வைக்கு ஒன்று போலிருந்தாலும் யூனிகோடைப் பொறுத்தவரை அது முழு எழுத்துப்பிழை. எந்த நார்மலைசேஷனும் அதைத் தொடாது.

எச்மேக் (கீ சேர்த்து எடுக்கும் ஹாஷ்) அல்லது டிஜிட்டல் கையொப்பம் பொருந்தவில்லை, தரவு ஜேசன் (தரவைப் பரிமாறும் ஓர் உரை வடிவம்) என்றால் இதே குடும்பத்துப் பிழைதான். பைத்தான் ஜேசனில் கோலனுக்கும் கமாவுக்கும் பின் இடைவெளி விடும், ஜாவாஸ்கிரிப்ட் விடாது. தமிழ் எழுத்துகளைப் பைத்தான் தானாகவே பின்சாய்வுக்கோடும் யு-வும் நான்கு ஹெக்ஸும் கொண்ட வடிவமாக மாற்றிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் எழுத்தாகவே வைத்திருக்கும். ஆக, ஆங்கிலப் பெயர்களோடு சோதித்து இடைவெளியைச் சரிசெய்துவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள், முதல் தமிழ்ப் பெயர் வந்ததும் உடையும். வந்த பைட்டுகளை அப்படியே சரிபாருங்கள். பிரித்து மறுபடி ஜேசனாக்கிச் சரிபார்ப்பதுதான் தப்பின் வேர்.

கையொப்பம் பற்றி இன்னொன்று. இசிடிஎஸ்ஏ என்ற கையொப்ப முறையில் பி-256 கையொப்பம் ஒரு பக்கம் 64 பைட்டாகவும் மறுபக்கம் 70, 71, 72 என்று மாறி மாறியும் இருந்தால் ஒன்று பச்சை வடிவம், மற்றது டிஇஆர் (நீளக் குறிப்புகளோடு பொதிந்த) வடிவம். மாற்றிக்கொடுத்தால் போதும். ஒரே செய்திக்கு ஒவ்வொரு முறையும் வேறு கையொப்பம் வருவது இசிடிஎஸ்ஏவில் இயல்பு. இன்னொரு கையொப்ப முறையான எட்25519-ல் ஒரே கையொப்பம் வருவதும் இயல்பு. இரண்டையும் பிழை என்று தேடாதீர்கள்.

"சில சமயம் வருகிறது, சில சமயம் வரவில்லை"

எத்தனைக்கு ஒரு முறை தவறுகிறது என்று எண்ணுங்கள். ஒரு லூப்பில் ஆயிரம் முறை ஓட்டினால் அந்த விகிதமே காரணத்தைச் சொல்லிவிடும்.

ஏறத்தாழ 256-க்கு ஒன்று என்றால், பெரிய எண்ணைப் பைட்டாக மாற்றும் இடம். டிஃபி-ஹெல்மனில் (இரண்டு பேர் ஒரே ரகசிய எண்ணை எட்டும் முறை) கிடைத்த பொது ரகசியம் 00 பைட்டில் தொடங்கினால் ஒரு லைப்ரரி அதை வெட்டிவிடும், மற்றது வைத்துக்கொள்ளும். ஒரு பைட் குறைந்த எண்ணிலிருந்து வேறு கீ பிறக்கும். நீளத்தை நிலையாக வைத்து முன்னால் பூஜ்ஜியம் நிரப்புங்கள்.

செய்தி நீளமாக ஆக அதிகம் தவறுகிறது, சி மொழியில் எழுதியது என்றால் ஸ்டிரிலென். சைஃபர்டெக்ஸ்ட்டில் எங்கே 00 பைட் வந்தாலும் அதோடு முடிந்தது என்று அது எண்ணிவிடும். 16 பைட் சைஃபர்டெக்ஸ்ட்டில் ஒரு 00 இருக்க வாய்ப்பு சுமார் 6 சதவீதம். 256 பைட்டில் சுமார் 63. சின்ன உதாரணத்தில் பாஸாகி, டெமோவில் விழுவது இதனால்தான். நீளத்தைத் தனி மாறியில் கொண்டுபோங்கள்.

இணைய முகவரி வழியாக அனுப்பும்போது மட்டும் என்றால் பேஸ்64-ன் பிளஸ் குறி மறுபக்கம் இடைவெளியாகிவிட்டது. முகவரிக்கு உகந்த வடிவம் ஒன்று தனியாக உண்டு, பிளஸ்ஸுக்குப் பதில் ஹைஃபனும் சாய்வுக்கோட்டுக்குப் பதில் அடிக்கோடும்.

"சான்றிதழ் பிழை"

பெரும்பாலும் மூன்றில் ஒன்று. மெஷினின் தேதி தப்பு (லேபில் பேட்டரி தீர்ந்த பழைய கம்ப்யூட்டர்கள், புதிதாக எழுப்பிய விர்ச்சுவல் மெஷின்கள்). அல்லது, சான்றிதழின் சப்ஜெக்ட் ஆல்டர்நேடிவ் நேம் பகுதியில் முகவரி இல்லை. பொதுப் பெயரில் மட்டும் எழுதினால் குரோம் 2017-லிருந்து ஏற்பதில்லை. அல்லது, பிரவுசரில் திறக்கிறது, பைத்தானில் "உள்ளூர் வழங்குநர் சான்றிதழ் கிடைக்கவில்லை" என்கிறது: சர்வர் நடுச் சான்றிதழை அனுப்பவில்லை, பிரவுசர் தானே தேடி எடுத்துக்கொண்டது. சர்வரில் முழுச் சங்கிலியையும் வையுங்கள். சரிபார்ப்பை ஃபால்ஸ் என்று அணைப்பது இந்த மூன்றையும் ஒரே நொடியில் 'தீர்க்கும்'. மறுமுனையில் யார் இருந்தாலும் நம்புகிறேன் என்று எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

இனி, சத்தம் போடாதவை

இவற்றில் புரோகிராம் ஓடும், விடை வரும், மார்க்கும் வரும். அறிகுறியை நீங்களே தேடிப் போய்ப் பார்க்க வேண்டும்.

படத்தை என்கிரிப்ட் செய்தும் உருவம் தெரிகிறதா? ஈசிபி, அதாவது ஒவ்வொரு பிளாக்கையும் தனித்தனியாகப் பூட்டும் மோட். லினக்ஸ் பென்குயினை ஈசிபியில் போட்டு, அப்போதும் அது பென்குயினாகவே உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்க்காத மாணவர் இருக்க முடியாது. ஆனால் படம் அல்லாத தரவில் இது கண்ணில் படாது. சைஃபர்டெக்ஸ்ட்டைப் பதினாறு பதினாறு பைட்டாக வெட்டி, ஒரே மாதிரித் துண்டுகள் இருக்கின்றனவா என்று எண்ணும் நாலு வரி புரோகிராம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இருந்தாலும் சந்தேகம். ஜாவாவில் சைஃபருக்கு வெறுமனே ஏஇஎஸ் என்று மட்டும் பெயர் கொடுத்தால் கிடைப்பது ஈசிபிதான். மோடைக் கேட்காமலே தந்துவிடும். 2013-ல் அடோபியிடமிருந்து வெளியான கோடிக்கணக்கான பாஸ்வேர்டுகள் ஹாஷ் செய்யப்படாமல் டிரிபிள் டிஇஎஸ் ஈசிபியில் இருந்தன. ஒரே பாஸ்வேர்டு வைத்தவர்களுக்கு ஒரே சைஃபர்டெக்ஸ்ட். பக்கத்திலேயே அவரவர் எழுதிய நினைவுக் குறிப்பு, மறைக்கப்படாமல். கீ இல்லாமலே பலவற்றை ஊகித்துவிட்டார்கள்.

இரண்டு செய்திகளின் சைஃபர்டெக்ஸ்ட் ஒரே மாதிரித் தொடங்குகிறதா? செய்திகளும் ஒரே மாதிரித் தொடங்குபவை, முறை சிடிஆர் (கவுன்டரை என்கிரிப்ட் செய்து வாசகத்தோடு எக்ஸ்ஆர் செய்யும் மோட்) அல்லது ஜிசிஎம் என்றால் நான்ஸ் திரும்ப வந்திருக்கிறது. இரண்டு சைஃபர்டெக்ஸ்ட்டையும் எக்ஸ்ஆர் செய்து பாருங்கள்: ஒத்த இடங்களில் 00 வரும், மற்ற இடங்களில் இரண்டு வாசகங்களின் எக்ஸ்ஆர் வரும்; கீ காணாமல் போய்விடும். ஒரு தரப்பு வாசகத்தை ஊகித்தால் மறுதரப்பு தானாக வெளிவரும். சோவியத் ஒற்றர் தந்திகளை அமெரிக்கர்கள் வெனோனா திட்டத்தில் படித்தது இப்படித்தான். ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய தாள்களில் சில 1942-ல் இரண்டு தடவை அச்சாகியிருந்தன. ஜிசிஎம்மில் இன்னும் மோசம், டேக் போலி செய்யும் கீயும் சேர்ந்து போகும். காரணத்தைத் தேட வேண்டிய இடங்கள்: கோடில் நிலையாக எழுதிய ஐவி, ரீஸ்டார்ட் ஆனதும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும் கவுன்டர், ஒரே விர்ச்சுவல் மெஷினின் நகல்கள்.

இசிடிஎஸ்ஏவில் இதன் தம்பி: இரண்டு வேறு செய்திகளின் கையொப்பத்தில் முதல் பாதி ஒன்றாக இருப்பது. உள்ளே இருக்கும் ரகசிய எண் மாறவில்லை. பள்ளிக் கணக்கு போல இரண்டு சமன்பாடு, இரண்டு தெரியாத எண், பிரைவேட் கீ கையில். பிளேஸ்டேஷன் 3-ன் கையொப்பக் கீயை 2010 டிசம்பரில் பெர்லின் மாநாட்டில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ குழு இந்த வழியில் எடுத்ததாகக் காட்டியது.

பாஸ்வேர்டின் கடைசிப் பகுதியை மாற்றித் தட்டினாலும் உள்ளே விடுகிறதா? பாஸ்வேர்டுகளை ஹாஷ் செய்யும் பிகிரிப்ட் முதல் 72 பைட்டை மட்டும் பார்க்கும். ஆங்கிலத்தில் யாரும் அவ்வளவு நீளம் வைப்பதில்லை. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், ஆக 24 குறிகளோடு சரி. புள்ளியும் கொம்பும் தனிக் குறிகள் என்பதை மறக்காதீர்கள். "மாடிவீட்டுத் தண்ணீர்த் தொட்டி" 83 பைட். இதைப் பாஸ்வேர்டாக வைத்துவிட்டு "மாடிவீட்டுத் தண்ணீர்த் தொல்லை" என்று தட்டுங்கள். 'தொ' முடியும்போது 71 பைட். 72-வது பைட்டான ஈ0, டகரத்துக்கும் லகரத்துக்கும் பொது. கதவு திறக்கும். சில புதிய லைப்ரரிகள் 72-ஐத் தாண்டினால் பிழை எழுப்புகின்றன, அது நல்லது. உங்களுடையது எழுப்பாவிட்டால் ஆர்கான்2-க்கு மாறுங்கள், அந்த வெட்டு அதில் இல்லை.

கடைசியாக, இரண்டு மெஷின்களில் ஒரே கீ உருவாகிறதா? 2006 முதல் 2008 மே வரை டெபியன் லினக்ஸின் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இதுதான் நடந்தது. ஒரு சோதனைக் கருவியின் எச்சரிக்கையை அடக்க யாரோ எடுத்த வரியால் சீரற்ற தன்மை முழுவதும் போய், புராசஸ் எண் மட்டும் மிஞ்சியது; ஒவ்வொரு வகைக்கும் 32,768 கீகளுக்கு மேல் பிறக்க வழியில்லை. ஒவ்வொரு கீயும் தனியாகப் பார்த்தால் அசல் கீ மாதிரியேதான் இருந்தது. உங்கள் கோடில் இதைச் சோதிக்க, கீ உருவாக்கும் புரோகிராமை ஒரே நொடிக்குள் இரண்டு டெர்மினலில் ஓட்டுங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் கடிகாரத்தை விதையாக வைத்திருக்கிறீர்கள். வேறு வேறாக வந்தாலும் இறக்குமதி வரியைப் பாருங்கள்: பைத்தானில் ரேண்டம் என்று இருந்தால் அது மெர்சென் ட்விஸ்டர், 624 வெளியீடுகளைப் பார்த்தவர் அடுத்ததைச் சொல்லிவிடுவார். அந்த இடத்தில் சீக்ரெட்ஸ் மாட்யூலை வைத்துவிட்டு, ஏற்கெனவே உருவான கீகளை எல்லாம் தூக்கிப் போட்டுப் புதிதாக உருவாக்குங்கள்.